மொரிஷியஸா, ரீயூனியனா?

அவையோருக்கு வணக்கம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே அடுத்தடுத்து இரண்டு தீவுகள். நடுவில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடல். கரும்புத் தோட்ட வேலைக்கென்று நம் முன்னோர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன இடங்கள் அவை இரண்டும். இன்றும் அங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். இரண்டில் எந்த ஊர்க் காற்றும் வெயிலும் உடம்புக்கு இதம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அது தெற்கு அரைக்கோளம். நமக்கு ஆடி மாதம் என்றால் அவர்களுக்குக் குளிர்காலம். தை மாதம் நடுக்கோடை. காவடி தூக்குகிறவர் கொதிக்கிற தரையில்தான் நடக்கிறார். புயல் பருவமும் அதுவேதான், நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை.

ஒரே கடல், தென்கிழக்கிலிருந்து வீசும் ஒரே காற்று. அப்புறம் எதில் வித்தியாசம்? மலையில்தான். மொரிஷியஸின் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். ரீயூனியனில் பிதோன் தெ நேழ் என்ற எரிமலைச் சிகரம் 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. ஈரக் காற்று அதில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. கிழக்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 10 மீட்டருக்கு மேல் மழை. மலைக்கு மறுபுறம், மேற்குக் கரையில் சான் ஜில் பக்கம் போனால் காய்ந்த புல்லும் பளீரென்ற வெயிலும்.

1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ரீயூனியனின் ஃபோக் ஃபோக் என்ற மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 1,825 மில்லிமீட்டர். ஆறடி மனிதர் நின்றால் உச்சந்தலை வரைக்கும் தண்ணீர்! ஒரே நாளில் பெய்த மழைக்கு உலக சாதனை அதுதான்.

மொரிஷியஸ் இவ்வளவு முரட்டுத்தனம் காட்டாது. ஆனால் புயலுக்கு அதுவும் தப்பவில்லை. 1960இல் வந்த கரோல் புயல் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அதற்குப் பிறகுதான் அங்கே கான்கிரீட் வீடுகள் பெருகின.

மொரிஷியஸின் நடுமேட்டில் க்யூர்பீப் என்ற ஊர் இருக்கிறது, சுமார் 550 மீட்டர் உயரத்தில். 1867 வாக்கில் மலேரியா, கடற்கரையிலுள்ள தலைநகர் போர்ட் லூயியில் கொத்துக் கொத்தாக உயிர்களை வாங்கியபோது, வசதியுள்ளவர்கள் இந்த மேட்டுப் பகுதிக்குக் குடியேறினார்கள். குளிர்ச்சியான ஊர்தான், ஆனால் தூறல் விடாது. கொடியில் போட்ட துணி லேசில் காயாது. கடற்கரை வெக்கைக்கும் இந்த நசநசப்புக்கும் நடுவே அந்தத் தீவு தரும் தேர்வுகள் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

அதனால் என் ஓட்டு ரீயூனியனுக்கு. காலையில் சான் ஜில் கடலில் குளிக்கலாம். மதியத்துக்குள், நானூறு வளைவுகள் என்று சொல்லப்படும் மலைப்பாதையில் ஏறி, 1,200 மீட்டர் உயரத்திலுள்ள சிலாவோஸுக்குப் போய்விடலாம். ஜூலை என்றால் மாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. இன்னும் மேலே பிளேன் தெ காஃப்ர் சமவெளியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனியே படிந்திருக்கும். வெப்ப மண்டலத் தீவில் உறைபனி! வெயில் வேண்டுமா, குளிர் வேண்டுமா, மழை வேண்டுமா, நீங்களே முடிவு செய்துகொண்டு வண்டியைத் திருப்பலாம்.

வயதானவர்களுக்கு மட்டும் நான் வேறு சொல்வேன். மலை ஏறி இறங்க முடியாது, ஒரே இடத்தில் இதமாக இருந்தால் போதும் என்பவர்கள் ஜூலை, ஆகஸ்டில் மொரிஷியஸின் மேற்குக் கரைக்குப் போகட்டும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் காற்று ஓயாமல் அடிக்கும். மேற்கில் மலைகள் அதை மறைத்துவிடும்.

மற்றவர்கள் சிலாவோஸுக்கே போங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் வேண்டாம். கனமழையில் பாறை சரிந்து அந்த ஒரே சாலையும் மூடிவிடும்.