ராஜாபாய் பெயர் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, இந்த ஞாயிறு மாலையில் மாட்டுங்காவில் கூடியிருக்கும் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். பல்கலைக்கழகக் கட்டடங்களில் நிலைக்க வேண்டியது கொடுத்தவர் வைத்த பெயரா, கற்பித்தவர் பெயரா என்ற வழக்கில் நான் முதல் அணிக்காகப் பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழியார், செல்வர்கள் பணத்தைக் கொடுத்துப் புகழை விலைக்கு வாங்கினார்கள் என்றும், நம் மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டை வளாகத்தில் நிற்கும் கடிகாரக் கோபுரத்துக்கே ஓர் அறிஞரின் பெயரைச் சூட்டிவிடலாம் என்றும் சொன்னார். அந்தக் கோபுரத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஓவல் மைதானத்தின் ஓரத்தில் நின்று அதைக் காட்டியபோது, "ராஜாபாய் யாரப்பா, நம் தெருக் கடை பாய் மாதிரி ஒருவரா?" என்று என் மகள் கேட்டாள். தமிழில் எழுதினால் அப்படித்தான் படும். ஆனால் இந்தப் பாய், பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். ராஜாபாய் ஒரு தாய். பருத்தி வணிகத்திலும் பங்குச் சந்தையிலும் பெரும்பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் 2 லட்சம் ரூபாய் கொடுத்து, கோபுரத்துக்குத் தம் அன்னையின் பெயரை வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். பார்வையற்ற அந்தச் சமண அம்மையார் பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ள மணியோசை உதவும் என்பதற்காகவே மகன் இதைக் கட்டுவித்தார் என்று இந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

புகழை விலைக்கு வாங்க வந்தவர் தம் பெயரையல்லவா பொறித்திருப்பார்? அமெரிக்க உள்நாட்டுப் போரால் ஏறிய பருத்தி விலை 1865இல் போர் முடிந்ததும் சரிந்தது. அவருடைய பெருஞ்செல்வமும் அதோடு போயிற்று. ஆனாலும் 1869இல் அடிக்கல் நாட்டப்பட்ட கோபுரம், 1878இல் 85 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்றது. பெயரை மாற்றிவிட்டால், இந்த நகரம் பருத்தியால் வளர்ந்ததையும் வீழ்ந்ததையும் என் மகளுக்கு எந்தச் சுவரைக் காட்டிச் சொல்வேன்?

இன்னொன்றையும் எதிரணியினர் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியான கொர்னேலியா சொராப்ஜி பட்டம் பெற்றது 1880களின் பிற்பகுதியில். ஒரு பெண்ணும் பட்டம் வாங்காத காலத்திலேயே, வளாகத்தின் மிக உயர்ந்த கட்டடம் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நின்றது. எந்த அறிஞரின் பெயருக்காக அதை இறக்கச் சொல்கிறீர்கள்? பக்கத்திலேயே பட்டமளிப்பு மண்டபத்துக்குக் கொடையளித்த காவஸ்ஜி ஜஹாங்கீரின் பெயரும் அவ்வாறே இருக்கிறது.

கொடையைப் பெயரோடு பதிப்பது நமக்குப் புதிதா? தஞ்சைப் பெரிய கோயிலில், தாம் கொடுத்தவற்றோடு அக்கன் கொடுத்தவற்றையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். அந்தக் கல்வெட்டுகள் இருப்பதால்தான் ஆயிரம் ஆண்டுக்கு முன் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயரைக்கூட நாம் அறிகிறோம்.

கற்பித்தவர்களை மறக்க நான் சொல்லவில்லை. அவர்கள் பெயரை அரசுப் பணத்தில் எழும் புதிய கட்டடங்களுக்குச் சூட்டுங்கள். முதல் ஆளாகக் கைதட்ட நான் வருகிறேன். மகன் தாய்க்கு வைத்த பெயரை அழித்து அந்த இடத்தில் எழுத வேண்டாம் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை. அதை ஏற்றுத் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.