ஏறிப் போகக் கட்டிய சிற்பம்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டுக்கு எதிரே பெரிய காங்கிரீட் கட்டடம் ஒன்று எழும்புகிறது. உள்ளே கடை கிடையாது, ஆபீஸ் கிடையாது, ஒரு கதவுகூடக் கிடையாது. கேட்டால் 'சிற்பம்' என்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பக்கம், பீட்டர்லீ என்ற ஊரில் இது நடந்தது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக 1948-ல் தொடங்கிய புதுநகரம் அது. முதலில் வந்த கட்டடக் கலைஞர் லுபெட்கின் மாடி மாடியாகக் கட்ட ஆசைப்பட்டார். அடியில் நிலக்கரி தோண்டிக்கொண்டிருக்கும்போது மேலே மாடி எப்படி நிற்கும்? அவர் விலகிவிட்டார். 1955-ல் விக்டர் பாஸ்மோரை அழைத்தார்கள். அவர் ஓவியர். ஆமாம், வீடுகளின் அமைப்பை ஓர் ஓவியர் கையில் கொடுத்தார்கள்!

அவர் வடிவமைத்ததுதான் அப்பல்லோ பெவிலியன். மனிதன் நிலாவுக்குப் போன காலம், பெயரும் அங்கிருந்து வந்ததுதான். வீடுகளுக்கு நடுவே சின்னக் குளம், அதன்மேல் ஒன்று நீட்டி ஒன்று உள்வாங்கி நிற்கும் காங்கிரீட் சுவர்கள், சுவரில் முட்டை வடிவ ஓவியம். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம். பாதி பாலம், பாதி சிற்பம். 'ஏறலாம்' என்றேனே, அதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு பராமரிப்பு நின்றது. மழைத்தண்ணீர் வடிந்த காங்கிரீட் எப்படிக் கறுக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரியானால் பையன்கள் கூட்டம், சத்தம், சுவரெல்லாம் கிறுக்கல். இடித்துத் தள்ளுங்கள் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களுக்குக் கலை தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டது அவர்களுக்குத்தானே?

இந்தக் கட்டத்தில் 1982-ல் பாஸ்மோரே நேரில் வந்தார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது, எங்கே பேசினாலும் இழுத்துவிடுவேன். அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தான் செய்த வேலை கிறுக்கலாய்க் கிடக்கிறது, எதிரே கோபத்தோடு ஊர்க்காரர்கள். மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? பிள்ளைகளின் கிறுக்கலால் சிற்பம் இன்னும் நன்றாகிவிட்டதாம், தன்னால்கூட அப்படிச் செய்திருக்க முடியாதாம்! துணிச்சலா, குறும்பா? இரண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ராத்திரி தூங்காதவர்களிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

அப்புறம் ஒரு வேலை செய்தார்கள். பையன்கள் மேலே போகக்கூடாதென்று படிக்கட்டையே எடுத்துவிட்டார்கள். ஏறிப் போகக் கட்டியதில் ஏற வழியில்லை என்றால் மிச்சம் என்ன? வெறும் சுவர். கறுத்த காங்கிரீட்டை ஒரு வாரத்தில் கழுவிவிடலாம். படிக்கட்டை எடுத்ததுதான் பெரிய சேதம் என்பேன்.

உள்ளூர்க்காரர்கள் சிலர் விடவில்லை, சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்த நாட்டில் லாட்டரிச் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு பாரம்பரியச் சின்னங்களுக்குப் போகிறது. அதிலிருந்து 3,36,000 பவுண்டு கிடைத்தது. 2009-ல் ஓவியத்துக்குப் புது வண்ணம், குளத்துக்கும் சீரமைப்பு. முக்கியமாக, படிக்கட்டு திரும்பி வந்தது! 2011-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவித்தார்கள்.

ஐம்பதாம் ஆண்டில் அந்தச் சுவர்களின்மேல் நடந்த ஒளிக்காட்சியைப் பற்றியும் சொல்ல வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, வணக்கம்.