பூனையும் அன்று, எலியும் அன்று

நேயர்களுக்கு வணக்கம். 1770ஆம் ஆண்டு, பவளத்திட்டில் மோதிப் பழுதடைந்த கப்பலைச் செப்பனிடுவதற்காக, ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில், இன்றைய குக்டவுன் பகுதியில், சில வாரங்கள் தங்கினார். அங்கு வாழ்ந்த கூகு இமிதிர் மக்களிடம் கேட்டு அவர் குழுவினர் குறித்துக்கொண்ட விலங்குப் பெயர்களில் ஒன்று கங்காரு, மற்றொன்று குவோல்.

கங்காருவின் பெயர் நிலைத்தது. உடலெங்கும் வெண்புள்ளிகள் கொண்ட, இரவில் வேட்டையாடும் குவோலையோ, குடியேறிய ஆங்கிலேயர் நெடுங்காலம் 'நாட்டுப்பூனை' என்றே அழைத்தனர். பூனை இனத்தோடு அதற்கு உறவே இல்லை. அது ஒரு பைப்பாலூட்டி, அதாவது கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப்பையில் வளர்க்கும் விலங்கு. கிழக்குக் குவோல் ஓர் ஈற்றில் முப்பது குட்டிகள் வரை ஈனும்; ஒவ்வொன்றும் அரிசிமணி அளவே இருக்கும். தாய்க்கு உள்ள காம்புகளோ ஆறு. முந்திச் சென்று பற்றிக்கொண்டவை மட்டும் பிழைக்கும்.

டன்னார்ட் என்னும் மற்றொரு பைப்பாலூட்டிக்கு வழங்கும் 'பை எலி' என்ற பெயரும் இத்தகையதே. அந்தச் சிற்றுயிரைப் பார்த்தால் நம் வீட்டு மூஞ்சூறு நினைவுக்கு வரும். மூஞ்சூற்றையும் நாம் எலியென்றுதான் விரட்டுகிறோம், அதுவும் எலியன்று. வாயைத் திறந்து பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்: எலிக்கு மேல்தாடையில் கொறிப்பதற்கான முன்பல் ஓர் இணைதான், டன்னார்ட்டுக்கு நான்கு இணை, அவற்றையடுத்துக் கூரிய கோரைப்பற்கள், பூச்சியின் ஓட்டை நொறுக்கும் முனைகள் கொண்ட கடைவாய்ப்பற்கள். டன்னார்ட் என்பது தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மக்கள் வழங்கிய சொல்.

தமிழில் எழுதுவோர் 'பைப்பூனை', 'பை எலி' என மொழிபெயர்ப்பதை விட்டு, குவோல், டன்னார்ட் என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குவோல்களை ஒடுக்கியவற்றுள் ஐரோப்பியர் கொண்டுவந்த நரியும் பூனையும் முதன்மையானவை. கொல்லும் விலங்குக்கும் கொல்லப்படும் விலங்குக்கும் ஒரே பெயர் இருந்தால், எதைக் காக்க வேண்டும், எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மக்களுக்கு எவ்வாறு எடுத்துச் சொல்வது?

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இயல்பாக வாழ்ந்த கிழக்குக் குவோல், 1963இல் சிட்னியின் வோக்லூஸ் பகுதியில் காணப்பட்டதோடு மறைந்தது. நரி வேரூன்றாத தாஸ்மேனியத் தீவில் அது இன்றும் வாழ்கிறது. அங்கிருந்து வந்த வழியினவே 2018 முதல் பெருநிலத்தின் பூதரி தேசியப் பூங்காவில் விடப்பட்டன.