பெரிய களவா மீனை விட்டு வைங்க (உலக மீன்வள தினக் கூட்டத்துல பேசினது)

மேடையில இருக்கிற சங்கத் தலைவர் ஐயா அவர்களே, வெயில்னு பார்க்காம வந்திருக்கிற பங்குத்தந்தை அவர்களே, ஊர் நாட்டாமை அண்ணன் அவர்களே, ஹாலை இலவசமா குடுத்த தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, மைக் செட் போட்ட தம்பிங்களே, முக்கியமா ஏலத்தை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டுப்போயிருந்தா கோவிச்சுக்காதீங்க.

மூணு விஷயம் பேசணும். ஒண்ணு மீன் எப்படி ஆண் பெண் மாறுது, ரெண்டு அதுல ஜீன் என்ன பண்ணுது, மூணு சட்டம். மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்குடுக்கணுமான்னு நான் போற இடமெல்லாம் சொல்வேன், உங்களுக்கே சலிச்சிருக்கும். நீச்சல் பிறவியிலயே வருது சரி, ஆனா ஆணா பெண்ணாங்கிறது எல்லா மீனுக்கும் பிறவியிலயே முடிவாகிறதில்ல.

போன வருஷம் ஏலக்கூடத்துல ஒரு பாட்டி என்னைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க, கையில அரிவாள்மனை, முன்னால இம்மாம்பெரிய களவா, வயித்தைக் கிழிச்சு காட்டி, "ஏன் தம்பி, சின்னக் களவாவுல சினை இருக்கு, இந்தப் பெருசுல ஒருநாளும் சினையே பார்த்ததில்லயே, மலடா இது?"ன்னு கேட்டாங்க. இல்ல பாட்டி, இது சின்ன வயசுல பொம்பளை, முட்டை போட்டு வளர்ந்து பெருசானப்புறம் ஆம்பளையா மாறிடுச்சுன்னு சொன்னேன். பாட்டி இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "இதுக்கா நீ அத்தனை படிச்ச? எங்க வீட்டுக்காரர் போனப்புறம் முப்பது வருஷமா எங்க வீட்டுக்கு நான்தானடா ஆம்பளை"ன்னாங்க பாருங்க, ஏலம் விட்டவரு விலையை மறந்துட்டு சிரிக்கிறாரு, பாட்டி அந்த கேப்புல ஒரு கூடை சூடையை குறைஞ்ச விலைக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க!

சரி, ஜீனுக்கு வருவோம். கரீபியன் கடல்ல நீலத்தலை மீன்னு ஒண்ணு இருக்கு, கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆண். அதைப் பிடிச்சுட்டா இருக்கிறதுல பெரிய பெண் மீன் கொஞ்ச நேரத்துலயே ஆண் மாதிரி விரட்ட ஆரம்பிக்கும், மூணு வாரத்துல முழு ஆணாவே ஆயிடும். நியூசிலாந்து ஒட்டாகோ யுனிவர்சிட்டி ஆளுங்க முன்னின்னு 2019-ல இதை விவரமா எழுதினாங்க. ஜீன் மாறல, எது ஓடணும் எது நிக்கணுங்கிறதுதான் மாறுது. அரோமட்டேஸ்னு ஒரு என்சைம், ஆண் ஹார்மோனை பெண் ஹார்மோனா மாத்துறது அதுதான். சினைப்பையில அதை உண்டாக்குற ஜீன் அடங்கினதும் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் இறங்குது, ஆண் பக்கத்து ஜீன்கள் எழும்புது. எந்த ஜீன் ஓடணும்னு காட்டுற மாதிரி டிஎன்ஏ மேல ஒட்டியிருக்கிற மெத்தில்ங்கிற ரசாயன அடையாளங்களையும் உடம்பு அழிச்சு புதுசா போடுது. மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்குடுக்க வேணாம், இதையும் யாரும் கத்துக்குடுக்கல.

நம்ம கொடுவா மீன் இதுக்கு நேர் எதிர். முதல்ல ஆண், சில வருஷம் கழிச்சு பெண். கோமாளி மீனும் அப்படித்தான், அது குடியிருக்கிற கடல் சாமந்தியில பெரிய பெண் செத்தா அதோட ஜோடி ஆண் பெண்ணா மாறிடும்.

இப்போ நான் சொல்ல வந்ததே இதுதான். பெருசா பார்த்துப் பார்த்து பிடிச்சா களவாவுல ஆண் காலி, கொடுவாவுல தாய் காலி. அதான் மாறிக்குமேன்னு கேப்பீங்க. மாறும், ஆனா களவாவுக்கு அது மூணு வார வேலை இல்ல, மாறுறதுக்குள்ள அடுத்ததையும் தூண்டில்ல தூக்கிடுறோம். மெக்சிகோ வளைகுடாவுல கேக் (gag)-னு ஒரு களவா, 1970-கள்ல நூத்துக்கு 17 ஆண் இருந்தது, 1990-கள்ல 2 பக்கம் வந்துடுச்சு. ஆண் இல்லாம சினை எவ்வளவு இருந்து என்ன பிரயோஜனம்? இங்க ஓட்டல்காரங்க பெரிய தலைக்குத்தான் விலை ஏத்துறாங்க, அவங்களைச் சொல்லாம நம்மளை மட்டும் திட்டுற மீட்டிங்குக்கெல்லாம் நான் போறதே இல்ல.

அதனால கேக்கிறேன், களவா சினைக்குக் கூடுற மாசத்துல பார்ல, அதாவது கடலுக்கடியில இருக்கிற பாறைத்திட்டுல, மீன் பிடிக்கிற கூடு வைக்க வேணாம், தூண்டிலும் போட வேணாம். எந்த மாசம்னு என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். அரசாங்கத்தோட 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான், பார்ல கூடு வைக்கிற வள்ளத்துக்கு நாமளேதான் ஊர்க்கட்டுப்பாடு போடணும். தலைவர் ஐயா வாட்ச்சைப் பார்க்கிறாரு, சட்டத்தை அடுத்த கூட்டத்துல பேசிக்கிறேன். நாட்டாமை அண்ணே, வர்ற ஊர்க்கூட்டத்துல இதை தீர்மானமா எடுத்து வைங்க, ஓட்டல்காரங்க கிட்ட பேச நானும் கூட வர்றேன். நன்றி, வணக்கம்.