எந்த மொழியில் அழுவது?

(வெள்ளவத்தையில் பெற்றோர், மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, என்னை வீடு வரை வந்து கூட்டிவந்த பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அம்மா அவர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பாராமல் கொட்டாஞ்சேனையிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் வந்திருக்கும் தாய்மாரே, தந்தைமாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். அதிபர் அம்மாவின் பாடசாலையில்தான் நான் முதன்முதல் வெண்கட்டி பிடித்தேன். அவர் முன்னால் பேசக் கிடைத்தது என் பாக்கியம். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நிர்வாகத்துக்கும், காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு நிற்கும் தம்பிக்கும் தனியாக என் நன்றி.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். புலமைப்பரிசில்களையும் போட்டிகளையும் எங்கே தேடுவது, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, நேர்முகத்தில் எப்படிப் பேசுவது.

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று என் அம்மம்மா அடிக்கடி சொல்லுவார். கேட்காதவர் வீட்டுக் கதவைத் தட்டி யாரும் பணம் தருவதில்லை. நம் வீடுகளில் புலமைப்பரிசில் என்ற பேச்சு ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையோடு முடிந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ரியூசனுக்கு ரியூசன் ஓடுகிறோம். வெட்டுப்புள்ளி வந்ததும் அழுகிறோம், அல்லது பாயாசம் காய்ச்சுகிறோம். அதற்குப் பிறகும் பிள்ளை எத்தனையோ வருடம் படிக்கிறது. அந்த வருடங்களுக்கு உரியதை யார் தேடினோம்?

உள்ளூரில் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிதியம் அது. அபிவிருத்தி லொத்தரின் வருமானமும் அதற்குப் போகிறது. மாதம் 5,000 ரூபாயாக இருந்த கொடுப்பனவை 7,500 ஆக்குவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அது கிடைக்காதவர்களுக்கு பேர்சரி என்ற உதவித்தொகை உண்டு. வெளியே போக விரும்பினால், இந்திய உயர்ஸ்தானிகராலயம் பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும், பட்டப்பின் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும் தருகிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் நடத்தும் கல்வி நிதியம் ஒன்றும் உண்டு. கொழும்புக்கு வேலைக்கு வந்த மலையகக் குடும்பங்கள் இதை ஊரில் இருக்கும் உறவினரிடம் சொல்லுங்கள். ஜப்பானிய அரசும் 1954 முதல் வெளிநாட்டு மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுத்து வருகிறது. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் முதுகலைக்கு உரியது, இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். எங்கேயாவது 'பதிவுக் கட்டணம் கட்டினால் புலமைப்பரிசில் நிச்சயம்' என்று யாரும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இப்போது ஒரு கதை. என் வாழ்க்கையில் நடந்தது.

நான் படிப்பித்த வகுப்பில் ஒரு பிள்ளை, உயர்தரம் கணிதப் பிரிவு. அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவர் பிள்ளைகளுக்கு வடை வாங்கி வந்தார். வடை சுற்றியிருந்த ஆங்கிலப் பேப்பரில் எண்ணெய் ஊறிய ஒரு கட்டம். பிள்ளை அதைத் துடைத்துத் துடைத்து வாசித்திருக்கிறது. வசதி குறைந்த மாணவருக்கு ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை. முடிவுத் திகதி மறுநாள்! இரவு ஏழு மணிக்கு அப்பாவும் மகளும் என் வாசலில் நிற்கிறார்கள். கேட்டிருந்தவை: பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதி, சாதாரண தரப் பெறுபேறு, கிராம சேவகரின் வருமானச் சான்று, அதிபரின் கடிதம். நல்ல காலம், கிராம சேவகரின் கடிதம் வேறொரு தேவைக்காக எடுத்தது வீட்டில் இருந்தது. பிரதிகளில் கையெழுத்து வைக்க சமாதான நீதவானைத் தேடிப் போனால், அவர் பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டில். மழையில் ஆட்டோ பிடித்து அங்கே போனோம். பந்தியில் இருந்தார், இலையில் சோறு விழுந்துவிட்டது. பிள்ளை அந்த எண்ணெய்ப் பேப்பரை நீட்டியது. மனிதர் வாசித்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தார். 'முத்திரை வீட்டில் இருக்கு, வா மகள்' என்றார். சாப்பிடாமல் எங்களோடு ஆட்டோவில் ஏறினார். அன்றிரவு அவர் வைத்த ஒன்பது கையெழுத்துகளையும் நான் இன்றைக்கும் கண்ணில் வைத்திருக்கிறேன். காலையில் அதிபரின் கடிதத்தை வாங்கி, பதினொரு மணிக்கு அந்த அலுவலகத்துக்குப் போனோம். கருமபீடத்தில் இருந்தவர் திருப்பிப் பார்த்தார். 'பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கே?' என்றார். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் இரண்டு நாள். அன்று வெள்ளி.

பிள்ளை படியில் உட்கார்ந்து அழுதது. அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கவில்லை. அம்மம்மாவின் பழமொழியை நான் அன்றுதான் முழுதாக யோசித்தேன். அழுதால் போதாது. எந்த மொழியில் அழுவது என்றும் யாராவது சொல்லித்தர வேண்டும்.

அடுத்த வருடம் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மொழிபெயர்த்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, அறிவித்தல் வந்த அன்றே கொடுத்தது. கிடைத்தது. ஆனால் ஒரு வருடம் போனது போனதுதான்.

இதனால்தான் விண்ணப்பத்தை நிரப்பும் விதத்தைக் காட்டிலும் அந்தக் கோப்பு எனக்கு முக்கியம். மொழிபெயர்ப்போடு ஐந்து செட் பிரதி எடுத்து இன்றைக்கே வீட்டில் வையுங்கள்.

போட்டிகளும் அப்படித்தான். அனைத்துலகத் தபால் ஒன்றியம் 1971 முதல் 9 வயதிலிருந்து 15 வயது வரையான பிள்ளைகளுக்குக் கடிதப் போட்டி நடத்துகிறது. கொமன்வெல்த் கட்டுரைப் போட்டி 1883இல் தொடங்கியது, கட்டணமே இல்லை. அனைத்துலகக் கணித ஒலிம்பியாட் போட்டியில் இரண்டு நாளில் ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. தமிழ்மொழித் தினப் போட்டியில் மேடையேறும் நம் பிள்ளைகள் இவற்றின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஏன்? அறிவித்தல் அவர்கள் வாசிக்கும் இடத்தில், அவர்கள் வாசிக்கும் மொழியில் இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும் ஏன் இன்னும் தகுதி வரவில்லை?

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், நேர்முகத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நான் இரண்டு வருடமாக எல்லா மேடையிலும் கேட்பதையே இங்கேயும் கேட்கிறேன். இந்த மண்டப வாசலில் ஒரு பலகை வேண்டும். ஒவ்வொரு புலமைப்பரிசிலும் போட்டியும் தமிழில், முடிவுத் திகதி பெரிய எழுத்தில். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு மேசை. அதில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர், முடிந்தால் முத்திரையோடு ஒரு சமாதான நீதவான். பலகைக்கான மரத்தை நம் பொருளாளர் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரக்கூடியவர்கள் போகும்போது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பக்கத்தில் அதிபர் அம்மாவின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.