ஹோஸ்ட்நேமை மட்டும் நம்பாதீங்க: ப்ரோக்ராம் எந்த மெஷின்ல ஓடுது?

வணக்கம். பத்து சர்வர்ல ஒரே ப்ரோக்ராம் ஓடுது, லாக் எல்லாம் ஒரே இடத்துக்கு வருது. திடீர்னு ஒரு எரர். எந்த மெஷின்?

ஹோஸ்ட்நேமை, அதாவது மெஷினோட பேரை, லாக்ல எழுதுங்க, படிக்கிறவங்களுக்கு அது வேணும். ஆனா ரூட் (அட்மின் உரிமை) கையில இருந்தா ஒரே கமாண்ட்ல அதை மாத்திடலாம். ப்ரோக்ராமைத் தனித்தனி கன்டெய்னர்ல ஓட்டற டாக்கர்ல, நீங்களா பேர் வைக்கலைன்னா கன்டெய்னர் ஐடியோட முதல் 12 எழுத்துதான் ஹோஸ்ட்நேம். கன்டெய்னரை அழிச்சு மறுபடி ஏத்தினா அதுவும் போச்சு.

சரி, நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பரான மேக் அட்ரஸ்? அதை எடுக்க பைத்தான்ல யூயூஐடி மாட்யூல்ல 'கெட்நோட்' இருக்கு. கார்டு எதுவும் சிக்கலைன்னா இது எரர் தராது, சத்தமில்லாம 48 பிட் ரேண்டம் நம்பரைக் குடுத்துடும். ப்ரோக்ராமை நிறுத்தி ஓட்டினா வேற நம்பர். முதல் பைட்டோட கடைசி பிட் 1னா, அது கார்டோட அட்ரஸ் இல்லைன்னு புரிஞ்சுக்கலாம்.

லினக்ஸ்ல சரியான இடம் ஈடிசி ஃபோல்டர்ல இருக்கிற 'மெஷின்-ஐடி' ஃபைல். ஸ்க்ரீன்ல பாருங்க, ஒரே வரி, 32 ஹெக்ஸ் எழுத்து. படிக்க ரூட் வேண்டாம். பேரை மாத்தினாலும் நெட்வொர்க் கார்டை மாத்தினாலும் இது அப்படியே இருக்கும்.

சிக்கல் வர்றது க்ளோன்ல. ஒரு விஎம்மை (விர்ச்சுவல் மெஷின்) அப்படியே பத்து காப்பி எடுத்தா பத்துக்கும் ஒரே ஐடி. உபுண்டு சர்வர்ல, ஐபி அட்ரஸ் குடுக்கிற டிஹெச்சிபிக்குப் போற அடையாளமும் இதுலேருந்துதான் உருவாகுது. அதனால மேக் வேறயா இருந்தும் ரெண்டு விஎம்முக்கு ஒரே ஐபி வரும். ஆளுங்க நெட்வொர்க்கைப் போட்டுக் குடைஞ்சிட்டிருப்பாங்க, காரணம் இந்த ஒரு வரி ஃபைல்!

காப்பி எடுக்கப்போற மூல விஎம்மை (டெம்ப்ளேட்) ஷட்டவுன் பண்றதுக்கு முன்னாடி 'ட்ரன்கேட்' கமாண்ட் போட்டு அந்த ஃபைலைக் காலி பண்ணுங்க. அழிக்க வேண்டாம், 0 பைட்டா விடுங்க. அடுத்த பூட்ல, லினக்ஸைக் கிளப்பி விடற சிஸ்டம்டி புதுசா எழுதிக்கும். அப்புறம் வார் ஃபோல்டருக்குள்ள லிப், அதுக்குள்ள டிபஸ்னு இருக்கிற ஃபோல்டர்லயும் இதே பேர்ல ஒண்ணு இருக்கும். அது சிம்லிங்க்கான்னு, அதாவது முதல் ஃபைலைக் காட்டற வெறும் லிங்க்கான்னு, பாருங்க. தனி ஃபைலா இருந்தா பழைய ஐடியே அதுலேருந்து திரும்ப வந்துடும், அதைத் தூக்கிடுங்க.

விண்டோஸ்ல இதே வேலைக்கு ரெஜிஸ்ட்ரியில (செட்டிங்ஸ் சேமிக்கிற இடம்) க்ரிப்டோகிராஃபி கீக்குள்ள 'மெஷின்கைடு'ன்னு ஒரு வேல்யூ இருக்கு. 32 பிட் ப்ரோக்ராம்னா 64 பிட் வியூவைக் கேட்டுத் திறக்கணும், இல்லைன்னா வேல்யூ இல்லைன்னு சொல்லும். க்ளோனுக்கு முன்னாடி, மெஷினைக் காப்பிக்குத் தயார் பண்ற சிஸ்ப்ரெப் டூல்ல 'ஜெனரலைஸ்' கட்டாயம்.

இன்னொண்ணு, மெஷின்-ஐடியை அப்படியே வெளிய அனுப்பாதீங்க, அது ரகசியமா வெச்சுக்க வேண்டியது. 'சிஸ்டம்டி-ஐடி128' கமாண்ட்ல 'ஆப்-ஸ்பெசிஃபிக்' ஆப்ஷன் குடுத்தா உங்க ஆப்புக்குன்னு தனி ஐடி வரும், அதுலேருந்து மூல ஐடியை எடுக்க முடியாது. லாக் வரியில ஹோஸ்ட்நேம், அந்த ஐடி, ப்ராசஸ் ஐடி, மூணையும் எழுதுங்க.