சுருட்டை விரியன் காட்டிய வழி

நேயர்களுக்கு வணக்கம். மானூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் போன வாரம் வந்திருந்தார். இதய ரத்தக்குழாயில் அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர். “ரத்தத்தத் தண்ணியாக்குத ஆஸ்பிரின நாலு நாளா நிறுத்திட்டேன் டாக்டரய்யா. கால்ல மம்பட்டி பட்டா ரத்தம் நிக்காதுல்லா?” என்றார். பயம் நியாயம்தான். ஆனால் அந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணியாக்குவதே கிடையாது.

டெங்கு வந்த வீடுகளில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொல்வார்கள். ரத்தக்கசிவை அடைக்கும் சின்ன அணு அது. அந்தத் தட்டணு ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 80,000 கைகள் உண்டு, பெயர் இன்டெக்ரின். சும்மா இருக்கும்போது அவை மடங்கியே கிடக்கும். ரத்தக்குழாய் கிழிந்தால் தட்டணுவுக்குள் செய்தி ஓடும். டாலின் என்ற புரதம் உள்ளிருந்து கையின் வாலைப் பிடிக்க, வெளியே கை நிமிரும். ஃபைப்ரினோஜன் என்ற கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு தட்டணுக்கள் பற்றிக்கொள்ளும். குளத்துக்கரை உடைந்தால் ஊரே கைகோத்து நிற்பதுபோல. கயிறு கைக்கு வந்ததும் ‘இறுக்கு’ என்று மறுசெய்தி உள்ளே போகும்.

தட்டணுவின் இந்தக் கை பிறவியிலேயே சரியில்லாத பிள்ளைகளும் உண்டு. 1918-ல் கிளான்ஸ்மன் என்ற சுவிஸ் மருத்துவர் எழுதிவைத்த நோய் அது. தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும்; மூக்கில் வடியும் ரத்தம் நிற்காது. தாய், தகப்பன் இருவர் வழியும் வந்தால்தான் நோய். தாய்மாமனைக் கட்டும் நம் பக்கத்தில் மருத்துவர் அந்த உறவையும் விசாரிக்க வேண்டும்.

தட்டணுக்கள் திரண்டு இதயக் குழாயை அடைக்காமலிருக்க, அந்தக் கையை வேண்டுமென்றே கட்டிப்போட வழி காட்டியது சுருட்டை விரியன் பாம்பு. அதன் விஷத்தில் உள்ள ஒரு சிறு புரதம் கயிறுபோல நடித்துக் கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்த்துச் செய்த டிரோஃபிபான் ஊசிக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு நேரத்தில் ஆஸ்பத்திரியில் போடுவது. இதையே தினம் விழுங்கும் மாத்திரையாக்கப் பார்த்தார்கள். ஆய்வுகளில் சாவு கூடியது. மருந்து விலகியபின் கை நிமிர்ந்தபடியே நின்றிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. அதனால்தான் கையை மடக்கியே வைக்கும் மருந்தை இப்போது தேடுகிறார்கள்.

ஆஸ்பிரின் கையைத் தொடாது. ‘நிமிரு’ என்று சொல்லும் செய்திகளில் ஒன்றை மட்டும் அடைக்கும். மருந்து பட்ட தட்டணு ஆயுசு முழுக்க அப்படியே இருக்கும். ஆனால் ஆயுசே 7 முதல் 10 நாள். நாலு நாளில் ஏறக்குறைய பாதி புதுசு வந்திருக்கும். ஸ்டென்ட் அடைக்க அது போதும். இதைச் சொல்லி, அன்றைக்கே அவரை மாத்திரையைத் திரும்பத் தொடங்கவைத்தேன்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டார்: “சுருட்டையா? எங்க கல்லாங்காட்டுல அது கெடக்காத எடமே இல்லையே. அதுக்குள்ள இம்புட்டுச் சங்கதியா?”